ஒரே கேசட்டில் 9,99,999 விளையாட்டா? பழவேற்காடு "பாடு" முறை சொல்லும் ரகசியம்!

பழவேற்காடு ஏரிக்கும், டி.வி.யில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்று எண்ண வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. ஏரியில் வலை போடுகிற மீனவர்கள் இடத்தைப் பங்கு போட்டுக் கொள்ளக் கையாளுகிற யுக்திதான், ஒரு கேசட்டுக்குள் பல விளையாட்டுகளை அடைத்தவர்களுக்கும் கை கொடுத்து இருக்கிறது.

1990-ம் ஆண்டுகளில் பையன்களாக இருந்தவர்களுக்கு அந்தக் கேசட்டுகள் ஞாபகம் இருக்கும். மேலே கலர் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "9,999 இன் 1", "9,99,999 இன் 1" என்று அச்சடித்து இருக்கும்.

"அண்ணே, நிஜமாவே இத்தனை கேம் இருக்கா?"

"தம்பி, நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்!"

கடைத்தெருவில் பேச்சு இப்படித்தான் நடக்கும். அப்பா சட்டைப் பையில் இருந்து பணம் எடுப்பார். பையன் கேசட்டோடு ஓடுவான்.

அது நிஜமா, புருடாவா? பாதி நிஜம். பாதி புருடா. அதன் விவரம் வருமாறு:-

பாடு

சென்னைக்கு வடக்கே பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே 2-வது பெரிய உவர் நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது.

கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் பக்கம் இறால் வரத்து நன்றாக இருக்கும். ஆனால் நல்ல இடம் கொஞ்சம்தான். வலையோடு நிற்பவர்கள் அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் வலையும் சிக்கும், சண்டையும் மூளும்.

இதற்காகப் பல தலைமுறைகளாக இருந்து வரும் ஏற்பாடுதான் "பாடு". கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவர் குப்பங்கள் இந்த முறைக்குப் பேர் போனவை.

எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்து இருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி இடத்தை ஒதுக்குவதும் உண்டு. முறை வந்தவர் இறங்குவார். மற்றவர்கள் கரையில் இருப்பார்கள். அடுத்த முறை அடுத்தவருக்கு.

பாட்டில் பங்கு இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. தகராறு நடந்ததும் உண்டு. ஆனாலும், முறை என்று ஒன்று இருப்பதால்தான் ஒரே தண்ணீரில் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

இடம் ஒன்று. ஆட்கள் பலர். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் முறை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக் கொண்டால் போதும். கேசட்டின் ரகசியம் தானாகப் புரிந்து விடும்.

ஜப்பான் பெட்டி

இந்த விளையாட்டுப் பெட்டியின் மூலப் பெட்டி ஜப்பானில் பிறந்தது. "நின்டெண்டோ" கம்பெனி 1983-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந்தேதி "பேமிகாம்" என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1985-ல் அது "என்.இ.எஸ்." என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவில் "சாமுராய்" என்ற பெயரில் வந்தது.

ஆனால் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இருந்தது அசல் அல்ல, நகல்! தைவானிலும் சீனாவிலும் அதே மாதிரி பெட்டிகளைச் செய்து உலகம் பூராவும் அனுப்பினார்கள். ரஷியாவில் 1992-ல் "டெண்டி" என்ற பெயரில் வந்ததும் இதே நகல்தான். சென்னையில் பர்மா பஜார் போன்ற வெளிநாட்டுச் சரக்கு விற்கும் இடங்களில் இந்தப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. விளையாடிய பையன்களில் பலருக்கு "நின்டெண்டோ" என்ற பெயரே தெரியாது. அவர்களுக்கு அது "டி.வி. கேம்". அவ்வளவுதான்.

பெட்டியின் தலையில் ஒரு வாய் இருக்கும். கேசட்டை அதில் சொருக வேண்டும். பேர்தான் கேசட். பாட்டுக் கேசட் மாதிரி உள்ளே நாடா கிடையாது. ஒரு சின்ன அட்டையும் அதன் மேல் சில சிப்களும்தான் இருக்கும். அட்டையின் ஓரத்தில் 60 பித்தளை நிறப் பற்கள். அந்தப் பற்கள் வழியாகத்தான் பெட்டி கேசட்டைப் படிக்கிறது.

ஜன்னல்

பெட்டிக்குக் கண் சின்னது. கேசட்டில் இருந்து ஒரு நேரத்தில் 32 கிலோ பைட் கட்டளைகளையும், 8 கிலோ பைட் படங்களையும் மட்டுமே அதனால் பார்க்க முடியும். மொத்தம் 40 கிலோ பைட். அதற்கு மேல் ஒரு துளி கூடத் தெரியாது.

1985-ல் வந்து உலகையே ஆட்டி வைத்த "சூப்பர் மேரியோ பிரதர்ஸ்" விளையாட்டின் மொத்த அளவே இந்த 40 கிலோ பைட்தான்! இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு போட்டோ 2 மெகா பைட் என்று வைத்துக் கொண்டால், அந்த ஒரு போட்டோவின் இடத்தில் 50 மேரியோவை அடைத்து விடலாம்.

கேசட்டுக்குள் பெரிய சிப்பை வைத்தால் எத்தனை விளையாட்டு வேண்டுமானாலும் பதியலாம். சிக்கல் அதில் இல்லை. பெட்டியின் ஜன்னல் 40 கிலோ பைட்தானே? 2-வது விளையாட்டை எப்படிக் காட்டுவது?

இங்கேதான் "பாடு" வருகிறது. ஜன்னல் ஒன்று. விளையாட்டுகள் பல. முறை வந்த விளையாட்டு மட்டும் ஜன்னலுக்கு வரும். மற்றவை உள்ளே காத்து இருக்கும். "பேங்க் ஸ்விட்சிங்" என்பது இதற்குத் தொழிலில் வழங்கும் பெயர்.

முறை வைப்பவர்

யாருடைய முறை என்பதை யாராவது ஞாபகம் வைக்க வேண்டும் அல்லவா? கேசட்டில் அந்த வேலையைப் பார்ப்பது "74161" என்ற 16 கால் கொண்ட சின்ன சிப். நின்டெண்டோ கம்பெனியே தன் அசல் கேசட்டுகள் சிலவற்றில் இந்த சிப்பைப் பயன்படுத்தி இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த சிப்பால் ஒரே ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வைக்க முடியும். அதுவும் பூஜ்யம் முதல் 15 வரை. அதாவது, மொத்தம் 16 முறை.

கணக்கைப் பாருங்கள். 16 முறைக்கும் தலா 32 கிலோ பைட் கட்டளை என்றால் 512 கிலோ பைட். தலா 8 கிலோ பைட் படம் என்றால் 128 கிலோ பைட். இந்த இரண்டு அளவிலும் அச்சு அசலாகப் பொருந்துகிற சிப்கள் கடையில் கிடைக்கின்றன. "39 எஸ்.எப். 040" என்ற சிப் 512 கிலோ பைட். "39 எஸ்.எப். 010" என்ற சிப் 128 கிலோ பைட். அழித்து அழித்து எழுதக் கூடிய ரகம் இவை.

ஆக, 3 சிப் போதும். கேசட் தயார்!

ஸ்விட்சைப் போட்டதும் பூஜ்யத்தின் முறை. அங்கே விளையாட்டு இருக்காது. விளையாட்டுகளின் பட்டியல் இருக்கும். மீதி 15 இடத்தில் 15 விளையாட்டுகள். பையன் 7-வது பெயரைத் தேர்ந்து எடுத்து பட்டனை அமுக்குகிறான். பட்டியல் நிரல் "7" என்ற எண்ணை முறை சிப்பில் எழுதுகிறது. அந்த விநாடியே ஜன்னலில் 7-வது விளையாட்டு வந்து நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணை எழுதிய உடனே பட்டியல் நிரலே ஜன்னலில் இருந்து காணாமல் போய்விடும். நிற்கிற தரையையே இழுத்து விட்ட மாதிரி! அதனால், பட்டியல் நிரல் தன்னுடைய கடைசிச் சில கட்டளைகளை முன்கூட்டியே பெட்டியின் சொந்த ஞாபகத்தில் (அது வெறும் 2 கிலோ பைட்தான்) நகல் எடுத்து வைத்துக் கொண்டு, அங்கே இருந்தபடி ஜன்னலை மாற்றும். படகு மாறுகிறவர் ஒரு காலைக் கரையில் வைத்துக் கொள்வது மாதிரி.

புளுகு எண்ணிக்கை

15 விளையாட்டு சரி. 9,99,999 எங்கே இருந்து வந்தது?

அதுதான் புருடா. பட்டியலில் பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் உள்ளே நிஜமாக இருப்பது கை விரலால் எண்ணி விடக் கூடிய சில விளையாட்டுகள்தான். அதே விளையாட்டை 2-வது கட்டத்தில் இருந்து தொடங்க விடுவார்கள். அதற்குப் புதுப் பெயர். 5-வது கட்டத்தில் இருந்து தொடங்கினால் வேறு பெயர். உயிரைக் கூட்டிக் கொடுத்தால் இன்னொரு பெயர். கடைசியில் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வர வேண்டியதுதான். ஒரே மீனைத் திருப்பித் திருப்பிக் காட்டி ஒரு கூடை மீன் என்று விற்பது மாதிரி!

எந்தக் கேசட்டை வாங்கினாலும் "பேட்டில் சிட்டி" டாங்கி, "ஐஸ் கிளைம்பர்", "பாம்பர்மேன்", "எக்சைட்பைக்" என்று அதே விளையாட்டுகள் வந்தது ஏன்? அதற்கும் காரணம் உண்டு. இவை எல்லாம் 24 கிலோ பைட்டில் அடங்குகிற சின்ன விளையாட்டுகள். சிப்பில் இடம் மிச்சம். எளிதான முறை சிப் போதும்.

1988-ல் வந்த "சூப்பர் மேரியோ பிரதர்ஸ்-3" அப்படி அல்ல. அதன் அளவு 384 கிலோ பைட். அந்த ஒரு விளையாட்டே தனக்குள் பல முறை ஜன்னலை மாற்றிக் கொண்டு ஓடுகிறது. அதற்கு விலை கூடிய வேறு சிப் வேண்டும். அதனால்தான் மலிவு கேசட்டுகளில் அது சுலபமாக வரவில்லை. பெரிய மீனுக்குப் பெரிய வலை வேண்டும் அல்லவா?

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. 1991-ல் "ஆக்ஷன் 52" என்ற கேசட் வந்தது. 52 விளையாட்டு. விலை 199 டாலர்! வாங்கிப் போட்டுப் பார்த்தவர்கள் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். பல விளையாட்டுகள் பாதியில் நின்றன. சில ஒழுங்காகத் தொடங்கவே இல்லை. இந்தக் கேசட்டில் எண்ணிக்கை பொய் அல்ல. ஆனால் சரக்கு சரியில்லை.

அசல் கம்பெனியும் பல விளையாட்டு கேசட் போட்டது உண்டு. நின்டெண்டோ 1988-ல் மேரியோவையும் "டக் ஹண்ட்" வாத்து வேட்டையையும் ஒரே கேசட்டில் வெளியிட்டது. மேலே எழுதியதும் இரண்டு. உள்ளே இருந்ததும் இரண்டு!

வீட்டிலேயே செய்யலாம்

பேமிகாம் பெட்டி செய்வதை நின்டெண்டோ 2003-ல் நிறுத்தி விட்டது. ஆனாலும் பழைய பெட்டியைப் பரணில் இருந்து இறக்கித் துடைத்து வைத்துக் கொண்டு, தாங்களே கேசட் செய்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். ரேடியோ ரிப்பேர் அளவுக்குப் பற்ற வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத வேலை அல்ல. சென்னையில் ரிச்சி தெரு போன்ற உதிரி பாகக் கடைத்தெருக்கள் இருக்கவே இருக்கின்றன.

வேண்டியவை: பழைய கேசட் அட்டை அல்லது புது அட்டை, மேலே சொன்ன 3 சிப், சிப்பில் பதிகிற கருவி, கம்ப்யூட்டர், பற்ற வைக்கும் கோல்.

ஆனால் 3 இடத்தில் கை சுடும்.

முதலாவது, பூட்டு. பழைய விளையாட்டுகள் சில, எழுதக் கூடாத இடத்தில் சும்மா எதையாவது எழுதிப் பார்க்கும். அசல் கேசட்டில் அதனால் ஒன்றும் ஆகாது. இந்தக் கேசட்டில் அது முறை சிப்பில் போய் விழுந்து, பாதி ஆட்டத்தில் வேறு விளையாட்டு ஜன்னலுக்கு வந்து விடும். டி.வி. திரை கோலம் கோலமாகப் போய்விடும். பாட்டில் ஒருவர் வலை போட்டுக் கொண்டு இருக்கும் போது இன்னொருவர் நடுவில் புகுந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். அதனால் ஒரு விளையாட்டு தொடங்கியதும், ஸ்விட்சை நிறுத்துகிற வரை முறை மாறாதபடி பூட்டுப் போட வேண்டும்.

இரண்டாவது, திரை நகரும் திசை. மேரியோ பக்கவாட்டில் ஓடுகிறார். வேறு சில விளையாட்டுகளில் மேலே ஏற வேண்டும். இரண்டுக்கும் இணைப்பு வேறு. ஒரு விளையாட்டு கேசட்டில் அட்டையில் ஒரு சொட்டு ஈயம் வைத்து இதை முடித்து விடுவார்கள். பல விளையாட்டு கேசட்டில் ஒவ்வொன்றுக்கும் மாற்ற வேண்டும். அதற்கும் பூட்டுக்கும் சேர்த்து இன்னொரு சின்ன சிப் போட்டு விடுவது நல்லது.

மூன்றாவது, தொடக்கம். ஸ்விட்சைப் போட்டதும் முறை சிப் கட்டாயம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலே வராது. பேமிகாம் கேசட்டின் 60 பற்களில் "ரீசெட்" பட்டனுக்கு என்று தனிப் பல் கிடையாது. அதனால் ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர் வைத்து, கரண்ட் வந்ததும் சிப்பைப் பூஜ்யத்துக்குத் தள்ள வேண்டும்.

பட்டியலே இல்லாத 4 விளையாட்டு கேசட் ஒன்றும் உண்டு. "ரீசெட்" பட்டனை அமுக்க அமுக்க அடுத்த விளையாட்டு வரும். பெட்டியின் துடிப்பு ஒரு நொடி நிற்பதை மோப்பம் பிடித்து முறையை மாற்றும் கில்லாடி வேலை அது!

வெயில் பகை

பழைய கேசட் வைத்து இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப் இருக்கும். அதற்கு "ஈப்ராம்" என்று பெயர். புற ஊதா விளக்கில் 15, 20 நிமிடம் வைத்தால் அதில் எழுதியது அழிந்து போகும். அழிப்பதற்காகவே வைத்த ஜன்னல் அது.

வெயிலிலும் புற ஊதாக் கதிர் இருக்கிறதே! நேரடி வெயில் பட்டால் ஒரு வாரத்தில் அழிந்து விடலாம். டியூப் லைட் வெளிச்சம் ஓயாமல் பட்டால் சுமார் 3 ஆண்டில் அழியும். அதனால் அந்த ஜன்னல் மேல் ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்கவே கூடாது.

மலிவு கேசட்டுகளில் அந்தச் சிப்பைக் கூடக் காண முடியாது. அட்டை மேல் கருப்பாக ஒரு பொட்டு வைத்த மாதிரி பசை இருக்கும். சிப் அதற்குள் புதைந்து இருக்கிறது. கெட்டால் ரிப்பேர் பார்க்க வழி இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழவேற்காடு மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. பித்தளை நிறப் பற்களில் களிம்பு ஏறி விடும். "படம் வரலியா? ஊதிப் போடு!" என்பது அந்தக் கால வைத்தியம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுக் களிம்பு இன்னும் ஏறும் என்பதுதான் உண்மை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் போட வேண்டும்.

வியாபாரிகள் கவனத்துக்கு

விளையாட்டுப் பெட்டியின் பழைய காப்புரிமைக் காலம் முடிந்து விட்டது. அதனால் "விளையாட்டும் பொதுச் சொத்துதானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டு வந்தது. 1984-ல் கொண்டு வந்த திருத்தத்தின்படி கம்ப்யூட்டர் நிரல்களும் அதில் சேர்க்கப்பட்டன. 60 ஆண்டு என்று கணக்குப் போட்டால் கூட, 1985-ல் வந்த ஒரு விளையாட்டின் உரிமை 2045 வரை தீராது.

தெரிந்தே நகல் எடுத்து விற்றால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் உண்டு. தன்னிடம் முறையாக உள்ள நிரல் கெட்டுப் போகாமல் இருக்க ஒரு பாதுகாப்பு நகல் எடுத்து வைத்துக் கொள்ள மட்டும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைக் கடை போட்டு விற்க இடம் கொடுக்கவில்லை!

நேர் வழி

அப்படியானால் கேசட் செய்கிறவர்கள் எதைப் பதிவது? அதற்கும் வழி இருக்கிறது.

இந்தப் பழைய பெட்டிக்காக இன்றும் புதுசாக விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த "மார்ப்கேட் கேம்ஸ்" குழு 2019-ல் "மைக்ரோ மேஜஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டது. 4 பேர் சேர்ந்து ஆடலாம். அளவு? அதே பழைய 40 கிலோ பைட்!

ஆர்வலர்கள் போட்டி நடத்தி, அதில் வந்த விளையாட்டுகளைச் சேர்த்து ஒரே கேசட்டாகவும் போட்டு இருக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர் "ஆக்ஷன் 53". 199 டாலர் வாங்கிக் கொண்டு டிமிக்கி கொடுத்த "ஆக்ஷன் 52"-க்கு ஒரு குத்தல்! எழுதியவர்கள் மனம் உவந்து கொடுத்த விளையாட்டுகள் என்பதால் இதில் திருட்டு என்ற பேச்சே இல்லை. தானே ஒரு சின்ன விளையாட்டை எழுதி, தன் கேசட்டில் தானே பதிந்து பார்க்கிற மாணவர்களுக்கும் இது நல்ல பள்ளிக்கூடம்.

எஸ்.டி. கார்டு சொருகுகிற "எவர்டிரைவ்" ரக கேசட்டுகளும் வந்து விட்டன. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை அதில் வைக்கலாம். ஆனால் அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஜன்னலுக்கு வரும். பெட்டியின் கண் இன்னும் அதே சின்னக் கண்தான்.

எண்ணிப் பாருங்கள்

"99 இன் 1", "999 இன் 1" என்று எழுதிய கேசட்டுகள் இன்றும் கடைகளில் தொங்குகின்றன. குழந்தைக்கு வாங்கப் போகிறவர்கள் அட்டைப் படத்தை நம்பிப் பணத்தை எடுக்க வேண்டாம்.

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் முதல் பக்கத்தில் ஒன்று, நடுப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று என்று தேர்ந்து எடுத்துப் பாருங்கள். அதே டாங்கி மூன்று தடவை வந்தால், மீதிப் பெயர்களைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"16 விளையாட்டு" என்று எழுதி, எண்ணிப் பார்த்தால் 16-ம் இருக்கிற கேசட்தான் நல்ல கேசட்.